சொல்லுக்குப் பொறுப்பாளர் யார்? திருச்சபைப் பணியில் செயற்கை நுண்ணறிவும் தமிழும்

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் அலுவலகம், வங்கி, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. வழிபாட்டிடங்களை அது அரிதாகவே எட்டுகிறது. ஆயினும் சொல்லையே முதன்மைக் கருவியாகக் கொண்டு இயங்கும் அமைப்புகளுள் வழிபாட்டிடங்களுக்குத் தனியிடம் உண்டு. கிறித்துவத் திருச்சபையை எடுத்துக்கொண்டால் மறையுரை, மன்றாட்டு, திருமறை வாசிப்பு, பாடல், ஞாயிற்றுச் செய்திமடல், நோயாளர் சந்திப்பு, துயருற்றோர்க்கு ஆறுதல், சிறுவர்க்கான மறைக்கல்வி என அதன் பணிகள் யாவும் சொல்லாலேயே நடைபெறுகின்றன. சொற்களை நொடிப்பொழுதில் கோத்துத் தரும் பொறியொன்று இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. அதனை இப்பணிகளில் எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் வினா சமயத் தலைவர்களுக்கு மட்டும் உரியதன்று; மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவுமாகும்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ச் சபைகளில் இவ்வினா இன்னும் கூர்மையாக எழுகிறது. சிங்கப்பூர் ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயம் 1888ஆம் ஆண்டு முதல் தமிழ்க் கத்தோலிக்கர்களோடு நெருங்கிய தொடர்புடையது. மலேசியாவின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்க் குடியேறிகளிடையே வேர்விட்டது. இத்தகைய சபைகளில் இன்று மூவகையினர் ஒரே கூரையின்கீழ் அமர்கின்றனர்: தமிழில் மட்டுமே மனம் திறந்து மன்றாடும் முதியோர், தமிழகத்திலிருந்து வந்து பணிபுரியும் தொழிலாளர், வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலமே மிகுதியும் புழங்கும் இளையோர். மூவரையும் ஒரே செய்தி சென்றடைய வேண்டுமானால் மொழிபெயர்ப்பு இன்றியமையாதது. மொழிபெயர்ப்பாளர்களோ குறைந்து வருகின்றனர். அந்த வெற்றிடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு நுழைகிறது.

கருவி வரைவைத் தரலாம். அவ்வரைவைச் சபையின் சொல்லாக முன்வைக்கும் பொறுப்பை மொழியறிந்த மனிதரே ஏற்க முடியும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அப்பொறுப்பை ஏற்கத்தக்க தமிழறிவு அடுத்த தலைமுறையிடம் இருக்குமா என்பதே நம்முன் உள்ள உண்மையான கவலை.

பழைய கருவிகள் கற்பித்த பாடம்

புதிய கருவியைச் சமயப் பணிக்கு முதலில் பயன்படுத்தும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. தமிழ் எழுத்துகளில் அச்சான தொடக்ககால நூலான தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. அதனை உருவாக்கிய அண்டிரிக்கு அடிகளார் முத்துக்குளித்துறையில் தமிழ் கற்றவர். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அங்கேயே அச்சேறியது.

அவ்வச்சுப்பணியில் நேர்ந்த ஓர் இடர்ப்பாடு நம் காலத்துக்கும் பொருந்தும். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன. காகிதமோ அரிதாகவே கிடைத்தது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளைப் புதிதாக வார்க்க வேண்டியதாயிற்று. வேற்றிடத்தில், வேற்று மொழியினரின் கணிப்பில் செய்யப்பட்ட கருவி தமிழுக்கு அப்படியே பொருந்திவிடவில்லை. தமிழறிந்தவர்களும் உள்ளூர்க் கைவினைஞர்களும் அதனைத் திருத்தி அமைத்த பின்னரே அது பயன்தந்தது.

அச்சு வந்தபின் மொழிபெயர்ப்புப் பணி விரைவாக முடிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. பெப்ரீசியுஸின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. அவருடைய பழைய ஏற்பாட்டுப் பணி அவர் மறைந்த பின்னரே, 1796இல், அச்சில் நிறைவுற்றது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் மேற்கொண்ட மொழிபெயர்ப்பில் சைவப் பெரியாரான ஆறுமுக நாவலர் துணைநின்றார். அது 1850இல் வெளிவந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்து, சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்றது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம் என்னும் பெயரில் 1995இல் வெளிவந்தது. 1715 முதல் 1995 வரை 280 ஆண்டுகள். அச்சுக்கூடம் படிகளைப் பெருக்கியது. எச்சொல்லைத் தேர்வது என்னும் தீர்ப்பை மட்டும் மனிதர்களே மீண்டும் மீண்டும் வழங்க வேண்டியிருந்தது.

கருவி இயங்கும் முறை

இன்று பரவலாகப் புழங்கும் சாட்ஜிபிடி முதலிய உரையாடல் கருவிகளின் அடிப்படை பெருமொழி மாதிரி எனப்படும் கணிப்பு முறையாகும். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு தொடரில் அடுத்து எந்தச் சொற்கூறு வருதல் பெரிதும் இயல்பு என்று கணிக்க அது பழக்கப்படுகிறது. அதன் விடைகள் சரளமாக அமைவதற்குக் காரணம் இதுவே. அவ்விடைகள் சில வேளைகளில் பொய்யாகவும் அமைவதற்குக் காரணமும் இதுவே. இயல்பாகத் தோன்றும் தொடரும் உண்மையான தொடரும் எப்போதும் ஒன்றாக இரா. திருமறையில் இல்லாத வசனத்தை அதிகார எண்ணோடும் வசன எண்ணோடும் அது எழுதித் தரக்கூடும். ஒருவர் சொல்லாத கூற்றை அவர் பெயரிலேயே மேற்கோளாகத் தரக்கூடும். எண்ணும் பெயரும் இருப்பதால் படிப்போர் நம்பிவிடுகின்றனர்.

தமிழைப் பொறுத்தவரை மேலும் ஓர் இடர் உண்டு. கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் இடம் போதும். பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடுகள், பதினைந்து பைட்டுகள். ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைந்த மாதிரிகள் தமிழ்ச் சொல்லைப் பல சிறு துண்டுகளாக உடைத்தே கையாளுகின்றன. அதனால் செலவு கூடுகிறது; வேற்றுமை உருபும் சந்தியும் செறிந்த சொற்களில் பிழையும் கூடுகிறது. ஹாலேயில் வார்த்த பெரிய எழுத்துகளின் கதை வேறு வடிவில் மீள்கிறது எனலாம். இக்குறையை நீக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. ஏஐ சிங்கப்பூர் அமைப்பு உருவாக்கிய சீ-லயன் மாதிரி தென்கிழக்காசிய மொழிகளுக்கென அமைக்கப்பட்டது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று.

திருச்சபை இக்கருவிகளின் பயனாளி மட்டுமன்று. அவற்றுக்குப் பாடநூல் வழங்கிய இடமுமாகும். 2023ஆம் ஆண்டு மெட்டா நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்கான பேச்சறி மாதிரியை வெளியிட்டது. அதற்கு வேண்டிய ஒலித்தரவைத் தேடியபோது, 1,100க்கும் மேற்பட்ட மொழிகளில் வாசித்துப் பதியப்பட்ட புதிய ஏற்பாட்டையே அது பெரிதும் பயன்படுத்தியது. ஒரே நூல் அத்தனை மொழிகளில் எழுத்தும் ஒலியுமாகக் கிடைப்பது வேறெங்கும் அரிது. சிறுமொழி பலவற்றுக்கு இன்று கணினிச் செவி வாய்த்திருப்பதில், பெயர் அறியப்படாத மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பும் வாசிப்பாளர்களின் உழைப்பும் கலந்திருக்கின்றன.

தமிழில் அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள்

ஆங்கில மன்றாட்டு ஒன்றைத் தமிழாக்கும்போது கருவி எங்கே இடறக்கூடும் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் காண்போம். இவை இலக்கண நுட்பங்களாகத் தோன்றினும் வழிபாட்டின் பொருளையே மாற்றவல்லவை.

முதலாவது, 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு. கேட்போரையும் உளப்படுத்துவது 'நாம்'. கேட்போரை விலக்குவது 'நாங்கள்'. மலாய் மொழியிலும் 'கித்தா', 'காமி' என இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்திலோ 'வீ' என்னும் ஒரே சொல்தான். வழிபாட்டுத் தலைவர் மக்களை நோக்கி, "நாம் நம் பாவங்களை அறிக்கையிடுவோம்" என அழைக்கிறார். அடுத்த நொடியே இறைவனை நோக்கி, "நாங்கள் பாவம் செய்தோம்" என்கிறார். ஆங்கில மூலத்தில் இரு வரிகளிலும் ஒரே சொல். இரண்டாம் வரியிலும் கருவி 'நாம்' என்றே எழுதிவிட்டால், கேட்பவராகிய இறைவனும் பாவம் செய்தவர் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார். ஓரெழுத்துப் பிழையும் இல்லை, சந்தியும் சரியே, ஆயினும் மன்றாட்டு தலைகீழாகிவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்தும் செயலி இதனைக் கண்டுபிடிக்காது. யார் யாரோடு பேசுகிறார் என்பதை அறிந்தவரே கண்டுபிடிப்பார்.

இரண்டாவது, முன்னிலையும் மரியாதையும். ஆங்கில 'யூ' தமிழில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்றாக விரியும். தமிழ்ப் பக்தி மரபில் இறைவனை 'நீ' என உரிமையோடு விளிப்பது இயல்பு. தமிழ்க் கிறித்துவ மன்றாட்டிலோ 'நீர்' என்பதே நிலைபெற்றது. அன்றாடப் பேச்சில் 'நீர்' அருகிவிட்டமையால், உரையாடல் தமிழில் பழகிய கருவி 'நீங்கள்' எனவோ 'நீ' எனவோ எழுத வாய்ப்புண்டு. ஒரே மன்றாட்டில் மூன்றும் கலந்து வருமானால், கேட்கும் முதியவருக்கு அது அந்நியமாகவே ஒலிக்கும்.

படர்க்கையிலும் இத்தகைய தேர்வு உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் 'அவன்', 'அவள்' எனக் குறிக்கப்பட்ட எளிய மாந்தர் பலர் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் 'அவர்' எனப் பெற்றனர். கிணற்றருகே இயேசுவோடு உரையாடும் சமாரியப் பெண்ணை 'என்றாள்' என்பதா, 'என்றார்' என்பதா? ஆங்கிலம் இவ்வினாவை எழுப்புவதே இல்லை. தமிழ் எழுப்புகிறது, விடை சொல்பவர் தம் மனிதப் பார்வையையே வெளிப்படுத்துகிறார். இத்தேர்வைக் கருவியின் புள்ளிவிவரச் சராசரிக்கு விட்டுவிடுவது, அப்பெண்ணுக்கு உரிய மரியாதையை யாரும் எண்ணிப் பாராமலேயே முடிவுசெய்வதாகும்.

மூன்றாவது, மரபுச் சொற்கள். இறைவனைக் குறிக்கச் சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பெப்ரீசியுஸ் 'பராபரன்' என்றார். பெர்சிவலும் பவரும் 'தேவன்' என்றனர். பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்றது. ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் நெடிய விவாதம் இருந்தது. பழைய கத்தோலிக்க வழக்கில் அருளப்பர், சின்னப்பர், சூசையப்பர் எனப் பெற்றவர்கள் சீர்திருத்தச் சபை வழக்கில் யோவான், பவுல், யோசேப்பு ஆவர். 'பரிசுத்த ஆவி' ஒரு மரபு. 'தூய ஆவி' மற்றொரு மரபு. எல்லாவற்றையும் ஒருங்கே படித்த கருவிக்கு இவை வெறும் மாற்றுச் சொற்கள். அவற்றைக் கலந்து எழுதினால், எந்தச் சபையும் தன்னுடையதென ஏற்காத ஒரு தமிழ் உருவாகும்.

பொதுச் சொற்களிலும் இடறல் உண்டு. ஆங்கிலத்தில் 'மினிஸ்டர்' அமைச்சரையும் குறிக்கும், சபை ஊழியரையும் குறிக்கும். 'பேஷன்' பேரார்வத்தையும் குறிக்கும், கிறிஸ்துவின் பாடுகளையும் குறிக்கும். 'ஹோஸ்ட்' விருந்தளிப்பவரையும் குறிக்கும், நற்கருணை அப்பத்தையும் குறிக்கும். சூழலை விளக்கிச் சொன்னால் கருவி பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். எங்கே விளக்க வேண்டும் என்பதை அறிய இருமொழியறிவு வேண்டும்.

நேரலை வசனவரிகளில் மற்றொரு சிக்கல் எழுகிறது. தமிழில் வினை தொடரின் இறுதியில் வரும். எதிர்மறையும் பெரும்பாலும் அங்கேயே வரும். "இறைவன் உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை" என்னும் தொடரில் கடைசிச் சொல் வரும்வரை பொருள் நிலைபெறுவதில்லை. பேச்சோடு உடனுக்குடன் ஓட முயலும் கருவி பாதித் தொடரிலேயே ஆங்கில வரியைக் காட்டிவிட்டால், சில நொடிகளுக்கேனும் நேர்மாறான செய்தி திரையில் நிற்கும்.

அயல்நாட்டுச் சோதனைகள்

வழிபாட்டையே கருவியிடம் ஒப்படைத்துப் பார்த்த சோதனைகள் சில நடந்துள்ளன. 2023ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள், ஜெர்மனியின் ஃபியூர்த் நகரத் தூய பவுல் ஆலயத்தில், வியன்னா பல்கலைக்கழக இறையியலாளர் யோனாஸ் ஸிம்மர்லைன் ஏற்பாட்டில், பெரும்பகுதி சாட்ஜிபிடி உருவாக்கிய வழிபாடு நிகழ்ந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். திரையில் தோன்றிய கணினி உருவங்கள் ஏறத்தாழ 40 நிமிடம் வழிபாட்டை நடத்தின. அது எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது என்று சிலர் கருதினர். உள்ளமும் உணர்வும் அதில் இல்லை என்று வேறு சிலர் கூறினர். அச்சத்தைப் பற்றியும் இறப்பைப் பற்றியும் அவ்வுருவம் பேசியது. பேசியதற்கோ அச்சமும் இல்லை, இறப்பும் இல்லை என்பதைக் கேட்டோர் மறக்கவில்லை.

அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கத்தோலிக் ஆன்சர்ஸ் என்னும் நிறுவனம் குருவுடை அணிந்த கணினி உருவமொன்றை 'அருட்தந்தை ஜஸ்டின்' என்னும் பெயரில் அறிமுகப்படுத்தியது. அது தன்னை உண்மையான குரு என்று கூறிக்கொண்டது; பாவமன்னிப்பு வழங்க முனைந்தது; நெருக்கடி நேரத்தில் விளையாட்டு வீரர் அருந்தும் குளிர்பானத்தால் திருமுழுக்கு அளிக்கலாம் என்றும் ஒருவருக்கு விடையளித்தது. சில நாள்களிலேயே நிறுவனம் குருப்பட்டத்தையும் குருவுடையையும் நீக்கி, அதனை வெறும் 'ஜஸ்டின்' ஆக்கியது. தகவலில் நேர்ந்த தவற்றைத் திருத்தலாம். குரு என்னும் பெயரே மக்களிடம் ஒரு நம்பிக்கையைக் கோருகிறது. அப்பெயரைத் தகுதியற்ற ஒன்றுக்குச் சூட்டியதே மூலத்தவறு.

சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரத் தூய பேதுரு சிற்றாலயத்தில் 2024ஆம் ஆண்டு மற்றொரு சோதனை நிகழ்ந்தது. பாவசங்கீர்த்தனக் கூண்டினுள் இயேசுவின் கணினி உருவம் அமைக்கப்பட்டு, ஏறத்தாழ நூறு மொழிகளில் உரையாட வழிசெய்யப்பட்டது. அது திருவருட்சாதனம் ஆகாது என்பதை அமைப்பாளர்கள் தெளிவுபடுத்தினர். தனிப்பட்ட தகவல் எதையும் கூற வேண்டா என்றும் எச்சரித்தனர். எல்லையை முன்கூட்டியே அறிவித்தமை இச்சோதனையின் சிறப்பு. ஆயினும் உள்ளத்தைத் திறப்பதற்கென்றே அமைந்த கூண்டில், உள்ளத்தைத் திறக்காதீர் என்று எழுதி வைக்க நேர்ந்ததும் சிந்திக்கத்தக்கது.

வத்திக்கான் 2025ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் செயற்கை நுண்ணறிவையும் மனித அறிவையும் ஒப்புநோக்கும் விரிவான ஆவணமொன்றை வெளியிட்டது. கருவி மனித அறிவின் விளைவேயன்றி அதற்கு மாற்றாகாது என்பதே அதன் அடிநாதம்.

ஒப்படைக்கக் கூடாதவை

திருச்சபைக்கு வந்துசேரும் சொற்களுள் பல பிறர் நம்பி அளித்தவை. ஒரு குடும்பத்தின் மணமுறிவு, ஓர் இளைஞரின் கடன், ஒரு நோயாளியின் மருத்துவ அறிக்கை ஆகியன மன்றாட்டு வேண்டுகோளாக வந்துசேர்கின்றன. அவற்றை அழகிய மன்றாட்டாக மாற்றித் தரும்படி பொதுக் கருவியில் பெயரோடு உள்ளிடுவது, அவற்றை மூன்றாம் தரப்பின் கணினியில் பதிவதாகும். சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. எந்தச் சட்டம் எந்த அமைப்புக்கு எவ்வளவு பொருந்தும் என்பது ஒருபுறம் இருக்க, நம்பிச் சொன்னதைக் காப்பது சட்டத்துக்கு முற்பட்ட அறம்.

குரலைப் போலிசெய்யும் ஆற்றலையும் கருத வேண்டும். மறையுரைகள் இணையத்தில் மணிக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு போதகரின் குரலை உருவாக்கி, அவசர உதவி வேண்டுமென மூத்த உறுப்பினரிடம் பணம் கேட்பது இன்றைய கருவிகளால் இயலும். பணம் தொடர்பான வேண்டுகோளைக் குரல்செய்தியை மட்டும் நம்பி ஏற்பதில்லை என்னும் விதியைச் சபைகள் முன்னரே அறிவித்தல் நலம்.

நெறிமுறைகள் சில

கருவியை முற்றும் விலக்குதல் தேவையற்றது, அறிவுடைமையும் ஆகாது. செவித்திறன் குறைந்தோர்க்கு மறையுரையை எழுத்தாக்கித் தருதல், அறிவிப்புகளை நான்கு மொழிகளில் வரைதல், பழைய சபைப் பதிவேடுகளை எண்ணிமமாக்கி அட்டவணைப்படுத்துதல், மறைக்கல்வி வகுப்புக்கு வினாத்தாள் அமைத்தல், பணிப்பட்டியல் வகுத்தல் ஆகியவற்றில் அது நேரத்தை மிச்சப்படுத்தும். மிச்சமாகும் நேரம் நோயாளரைச் சந்திக்கச் செலவிடப்படுமானால் கருவி தன் கடமையைச் செய்ததாகும்.

பயன்படுத்துவோர் கைக்கொள்ளத்தக்க நெறிகளை ஐந்தாகத் தொகுக்கலாம்.

1. வரைவு கருவியுடையது, வெளியீடு மனிதருடையது. சபையின் பெயரில் வெளிவரும் ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்தையும் தமிழறிந்த ஒருவர் முழுவதும் படித்து ஒப்புதல் அளிக்க வேண்டும்.

2. திருமறை மேற்கோளைக் கருவியிடமிருந்து எடுத்தல் ஆகாது. சபை ஏற்ற மொழிபெயர்ப்பு நூலைத் திறந்து பார்த்தே எழுத வேண்டும்.

3. ஒவ்வொரு சபையும் தனக்கெனச் சொற்பட்டியல் வைத்திருத்தல் வேண்டும். இறைப்பெயர், திருத்தூதர் பெயர், அருட்சாதனப் பெயர், முன்னிலை வடிவம் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். அதனை முதலில் கருவிக்கு அளித்தால் வரைவும் செம்மைப்படும்.

4. தனிநபரின் பெயர், நோய், குடும்பநிலை ஆகியவற்றைப் பொதுக் கருவியில் உள்ளிடுதல் கூடாது.

5. கருவியின் துணையோடு உருவானதை மறைத்தல் கூடாது. திரையில் தோன்றும் மொழிபெயர்ப்பு பொறியினால் ஆனது என்பதை ஒரு வரியில் அறிவித்தால், கேட்போர் ஐயம் எழும்போது வினவுவர்.

தமிழ் வகுப்பறையின் பங்கு

ஐந்து நெறிகளுள் முதலாவதே கடினமானது. தமிழறிந்த ஒருவர் படிக்க வேண்டும் என்பது எளிதில் சொல்லத்தக்கது. அவர் எங்கிருந்து வருவார்?

இதுவரை அவரை உருவாக்கிய இடங்களுள் சபையும் ஒன்று. ஞாயிறுதோறும் திருமறையை உரக்க வாசித்த இளைஞர், ஆங்கில மறையுரையாளர் அருகில் நின்று தொடர் தொடராகத் தமிழாக்கிய மாணவி, செய்திமடலுக்கு மெய்ப்புப் பார்த்த தொண்டூழியர் ஆகியோர் அப்பணியாலேயே தமிழ் வளர்த்தனர். மேடைமேல் நின்று ஒரு தொடரை உடனடியாகத் தமிழாக்குவது எத்தேர்வினும் கடுமையான பயிற்சி. அவ்விடத்தைக் கருவிக்குத் தந்துவிட்டால் இன்றைய தேவை நிறைவேறும். ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின் கருவியின் பிழையைக் கண்டறிய ஒருவரும் இரார். பள்ளி, ஊடகம், நீதிமன்றம் என மொழிபெயர்ப்பு வேண்டும் பிற துறைகளுக்கும் இது பொருந்தும்.

நோய்ப்படுக்கையில் இருக்கும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அருகில் அமர்ந்த பேரப்பிள்ளை அவருக்காக மன்றாட விரும்புகிறார். தமிழ் தயங்கித் தயங்கியே வருகிறது. கைப்பேசி சில நொடிகளில் செம்மையான மன்றாட்டைத் தருகிறது. அதனை வாசிப்பதில் தவறொன்றும் இல்லை. எனினும் 'ஆயா', 'பாட்டி', 'அப்பாயி' என அக்குடும்பத்தில் வழங்கும் உறவுச்சொல் எதுவென்று கருவி அறியாது. அப்பிள்ளை அறிவார். அந்த ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லவும், 'நாம்' என்று வந்திருப்பதை 'நாங்கள்' என மாற்றவும் அவருக்குத் தெரிந்திருந்தால், வாசிப்பது மன்றாட்டாகிறது. அவ்வளவு தமிழையேனும் கற்பித்து அனுப்புவது நம் வகுப்பறைகளின் கடமை.

ஆசிரியர்கள் இதனைப் பயிற்சியாகவே அமைக்கலாம். ஓர் ஆங்கில அறிவிப்பைக் கருவியால் தமிழாக்கி, மாணவர்களிடம் கொடுத்து, இலக்கணப்பிழை இல்லாத பொருட்பிழைகளைக் கண்டறியச் சொல்லலாம். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எத்தகைய மரியாதையோடு பேசுகிறார் என்னும் மூன்று வினாக்களை ஒவ்வொரு தொடருக்கும் எழுப்பச் சொல்லலாம். பயிற்சிக்குரிய பனுவல் எச்சமயத்ததாகவும் இருக்கலாம். கோயில் அறிவிப்பும் பள்ளிவாசல் அறிவிப்பும் இதே வினாக்களுக்கு இடந்தரும். கருவியின் வரைவைத் திருத்தும் மாணவர், உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கண நூல் கூறும் பாடம் எதற்காக என்பதைத் தாமே உணர்வார்.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் சபையிலோ கோயிலிலோ பள்ளிவாசலிலோ தமிழ் வாசிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆள் வேண்டுமென அழைப்பு வரும்போது முன்வாருங்கள். முந்தைய இரவு கருவியின் வரைவைத் துணையாகக் கொள்ளலாம். மறுநாள் காலையில் அதனை வரிவரியாகத் திருத்தி, உங்கள் குரலில் வாசியுங்கள். கேட்பவர் ஒருவர் பின்னர் உங்களிடம் வந்து, இச்சொல்லை ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று வினவினால், விடை சொல்ல நீங்கள் அங்கே இருப்பீர்கள்.